பொன்னுருக்குத் தட்டில் ஸ்ரெல்லா

ஸ்ரெல்லா என்பது பெண் இல்லை, ஒரு காசு என்று தெரிந்த அன்று சிவாஜினி வயிறு நோகச் சிரித்தாள். அது போன கிழமை.

அவளுடைய கணவர் அருந்தவன் யாரிடமோ தொலைபேசியில், "ஸ்ரெல்லா இனி என்னோடைதான். எத்தினை வருசம் காத்திருந்தனான் தெரியுமே?" என்று குழைந்துகொண்டிருந்ததைக் குசினிக் கதவோடு நின்று கேட்டவள் அவள். அன்று பின்னேரம் அந்த வீட்டுச் சாப்பாட்டுக் கோப்பைகள் பட்ட பாட்டை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஒரு கிழமை கழித்து, கடைசியில் அவர் பயந்துபோய்க் கணினியைத் திறந்து படத்தைக் காட்டினார்.

அது ஓர் அமெரிக்கக் காசு. ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்பதாம் ஆண்டில் அந்த அரசாங்கம் நாலு டொலருக்கு ஒரு பொற்காசு வெளியிடலாமா என்று யோசித்து, மாதிரிக்குச் சிலவற்றை அடித்துப் பார்த்தது. பொன்னில் அடித்தது. செம்பிலும் அடித்தது. செம்பில் அடித்துப் பொன்முலாம் பூசியும் பார்த்தது. பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டது. எந்தக் கடைக்கும் போகாத, யாருடைய சட்டைப் பையிலும் கிலுங்காத அப்படியான மாதிரிக் காசுகளைத் தேடிச் சேர்ப்பதுதான் அருந்தவனுக்குப் பிடித்த விசர். ரயில் பாதையில் சிக்னல் திருத்தும் வேலை. வீட்டுக்கு வந்தால் பூதக்கண்ணாடியும் காசும்.

ஸ்ரெல்லாவின் ஒரு பக்கத்தில் தலைமயிரை அவிழ்த்துவிட்ட ஒரு பெண். மறுபக்கத்தில் ஐந்து முனை நட்சத்திரம்.

"உந்தத் தலைவிரிகோலத்துக்கோ நான் ஒரு கிழமை நித்திரை கொள்ளேல்லை?" என்று சிவாஜினி சிரித்தாள். என்ன கொடுத்து வாங்கினீர்கள், எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை.

கேட்காமல் விட்டதற்கு இன்று காலை பலன் கிடைத்தது.

இன்று அவர்களுடைய ஒரே மகன் நிதுஷனுக்குப் பொன்னுருக்கு. மாப்பிள்ளை வீட்டில், நல்ல நேரத்தில், எல்லோரும் பார்த்திருக்க ஒரு பவுண் காசை உருக்கினால்தான் தாலி செய்யத் தொடங்கலாம். மெரிலேண்ட்ஸில் உள்ள அந்த வீட்டுக்குள் உருக்கினால் புகை அலாரம் கத்தும் என்று கராஜைக் கழுவிக் கோலம் போட்டு, நிறைகுடம் வைத்து, கார் நின்ற இடத்தில் பாய் விரித்திருந்தார்கள். மணப்பெண் லக்சிகா மெல்பேர்னில், கிளேட்டனில் ஆராய்ச்சி செய்கிறவள். அவளுடைய தாய்மாமன் பெண் வீட்டுக்காக விமானம் ஏறி வந்து முன்வரிசைக் கதிரையில் சால்வையோடு இருந்தார்.

உருக்க வந்தவர் ஜெகதீஷ், கோயம்புத்தூர்க்காரர். நகைக்கடை ஒன்றில் வேலை. சிவாஜினி குசினியில் வைத்து வெள்ளிச் சிமிழைத் திறந்து, உள்ளே பஞ்சில் கிடந்த காசை அவர் கையில் வைத்தாள்.

அந்தச் சிமிழில் இருக்கவேண்டியது இராணித் தலை போட்ட இங்கிலாந்துப் பவுண். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்த காலத்தில், மகனுடைய பொன்னுருக்குக்கென்றே அவள் வாங்கி வைத்தது. சாமியறை அலுமாரிக்குள் வைத்தபின் அவள் அதைத் திறந்ததே இல்லை.

ஜெகதீஷ் காசை உள்ளங்கையில் ஒருதரம் தூக்கிப் போட்டுப் பிடித்தார். முகம் மாறியது.

"அக்கா, இது ஒரு பவுன் இருக்காதுங்களே."

"நிறை கொஞ்சம் குறைஞ்சால் குறையட்டும், தம்பி. பழைய காசு. தேய்ஞ்சிருக்கும்."

"நிறை குறையறதைச் சொல்லலைங்கக்கா." அவர் குரலைத் தாழ்த்தினார். "இது தங்கமே இல்ல. செம்பு. மேல முலாம் பூசியிருக்கு. நீங்களே பாருங்க."

சிவாஜினி வாங்கிப் பார்த்தாள். இராணி இல்லை. தலைமயிரை அவிழ்த்துவிட்ட பெண் ஒருத்தி இருந்தாள். திருப்பினாள். நட்சத்திரம்.

"வேற இருந்தா குடுங்கக்கா. இல்லேன்னா நான் கடைக்கு ஓடிட்டு…"

"கடைக்குப் போய் வர நேரம் காணாது. நீங்கள் போய் அடுப்பை ஆயத்தப்படுத்துங்கோ. நான் தட்டைக் கொண்டு வாறன்."

"இதையா?"

"போங்கோ தம்பி."

அவள் காசைத் திரும்பச் சிமிழுக்குள் போட்டு மூடி எடுத்துக்கொண்டு நடைக்கு வந்தாள்.

அருந்தவன் நடையில் நின்று பட்டுவேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார். சட்டைப் பையில் பூதக்கண்ணாடியின் முனை தெரிந்தது. மகனின் பொன்னுருக்குக்கும் அதைக் கொண்டு வந்திருந்தார்.

"இஞ்சருங்கோ," என்றாள் சிவாஜினி. "சாமியறைச் சிமிழிலை இருந்த என்ரை பவுண் பத்திரமா இருக்குத்தானே?"

சொல்வதற்கு அவருக்கு ஒரு வழி திறந்துவிட்டாள். அந்த இடத்தில் அவர்கள் இருவரும்தான் நின்றார்கள். 'இல்லை, நான் ஒரு பிழை விட்டிட்டன்' என்று அவர் சொல்லியிருந்தால், அவள் கத்தியிருப்பாள், கோபித்திருப்பாள், ஆனால் கதை அந்த நடையோடு முடிந்திருக்கும்.

"ஓம், ஓம். பத்திரமா இருக்கு," என்றார் அருந்தவன். "சிமிழை என்னட்டைத் தாரும். நானே பத்தரிட்டைக் குடுக்கிறன்."

"ஏன் நீங்கள்?"

"நீர் சீலையோடை ஓடித் திரியிறீர். அதுதான்."

உருக்க வந்த பத்தரைத் தனியாகப் பிடித்து, தன் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்து உருக்கச் சொல்லலாம் என்பது அவருடைய எண்ணம். மகனின் கலியாணம் அடுத்த தையில்தான் என்று இருந்தது. அதற்குள் வேறொரு பவுண் வாங்கிச் சிமிழில் வைத்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று நம்பித்தான் அவர் நாலு மாதத்துக்கு முன் காசுச் சந்தையில் துணிந்தார். தன்னிடம் இருந்த மாதிரிக் காசுகளையெல்லாம் கொடுத்தும் ஸ்ரெல்லாவுக்கு விலை கட்டவில்லை. மிச்சத்துக்கு மனைவியின் பவுணைக் கொடுத்தார். வெறும் சிமிழைத் திறந்தால் மனைவிக்குத் தெரிந்துவிடும் என்று, அதே பருமனான ஸ்ரெல்லாவையே அதற்குள் வைத்தார். கலியாணம் ஆவணிக்கு முந்தும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"நானே குடுக்கிறன்," என்றாள் சிவாஜினி. "நீங்கள் போய்ச் சபையிலை இருங்கோ."

அப்போது அருந்தவனின் தமக்கை சிவமணி கராஜ் வாசலில் வந்து நின்றாள். இந்தக் கலியாணத்தில் மண்டபம் எது, கேக் எந்த நிறம் என்று எல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். அழைப்பிதழில் சிவாஜினியின் காலஞ்சென்ற தகப்பனுடைய பெயரை விட்டு அச்சடித்ததும் அவள்தான். 'இனி அடிச்சாச்சு, விடும்' என்று அருந்தவன் அன்று சொன்னதோடு அந்த விஷயம் முடிந்தது.

"என்ன சிவாஜினி, தட்டு இன்னும் வரேல்லையே? பெண் வீட்டுக்காரர் மணிக்கூட்டைப் பாக்கினம். ராகு காலம் வரப்போகுது. எங்கடை அம்மா இருந்திருந்தால் இவ்வளவுக்கு உருக்கி முடிச்சிருப்பா."

"இந்தா வருது, மச்சாள்."

வெற்றிலையில் ஸ்ரெல்லாவை வைத்தாள். தலைவிரித்த முகம் கீழே போகும்படியும், நட்சத்திரம் மேலே தெரியும்படியும் வைத்தாள். மஞ்சள், குங்குமம், தேசிக்காய் எல்லாம் சுற்றி இருந்தன. தட்டைத் தூக்கிக்கொண்டு கணவரைத் தாண்டிப் போனாள்.

அவர் தட்டைப் பார்த்தார். வாயைத் திறந்தார். தமக்கை நின்றாள். வாயை மூடினார்.

கராஜில் தட்டு ஒவ்வொருவராகச் சுற்றி வந்தது. முதலில் தொட்டது சிவமணி.

"நல்ல மினுக்கம். நட்சத்திரமெல்லாம் போட்டிருக்கு. எந்த ஊர்ப் பவுண், சிவாஜினி?"

"உங்கடை தம்பியைக் கேளுங்கோ. அவர்தானே காசுக்காரன்."

எல்லோரும் சிரித்தார்கள். அருந்தவனும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதுதான் சிவாஜினிக்கு உச்சந்தலை சுட்டது.

பெண்ணின் தாய்மாமன் கண்ணில் ஒற்றினார். பிறகு நிதுஷன் தொட்டுக் கும்பிட்டான். இருபத்தொன்பது வயது ஆள், நெற்றியில் சந்தனத்தோடு சின்னப் பிள்ளைபோல இருந்தான். தட்டு அருந்தவனிடம் வந்தது. அவருடைய விரல்கள் காசைத் தொட்டு அங்கேயே நின்றன. சிவாஜினி தட்டை இழுத்தாள். அவர் விடவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தாள்.

ஜெகதீஷ் காஸ் ஊதுகுழலைப் பற்றவைத்தார். பொன் உருக்குகிற மூசை என்ற சின்ன மண்கிண்ணம் கரியின் மேல் இருந்தது. அவள் காசை எடுத்து அதில் போட்டாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"அக்கா…"

"உருக்குங்கோ தம்பி."

அவள் கணவரைப் பார்த்தபடி நின்றாள். அவர் வாய் திறக்காவிட்டால் என்ன செய்வாள் என்று அவளுக்கே தெரியாது. சபையில் அவர் தன் வாயால் சொல்லவேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. மூன்று தெருவுக்குக் கேட்கும்படி சொல்லவேண்டும்.

நெருப்பு நீலமாக நீண்டு மூசையின் விளிம்பைத் தொட்டது.

"நிப்பாட்டு!" அருந்தவன் பாய்ந்து வந்தார். நிறைகுடம் ஆடியது. "நெருப்பை எடு! அதிலை கை வையாதை! அது பவுணில்லை, செம்பு!"

வெறும் விரல்களால் மூசைக்குள்ளிருந்து காசை எடுத்தார். சுட்டது. விடவில்லை. வேட்டித் தலைப்பில் வைத்து ஊதினார்.



"செம்போ?" என்று பெண்ணின் தாய்மாமன் எழுந்தார். "எங்கடை பிள்ளைக்குச் செம்பிலையோ தாலி?"

"அப்பா, ஆர் யூ சீரியஸ்?" என்றான் நிதுஷன்.

சிவமணிக்குத்தான் முதலில் குரல் வந்தது. அவள் ஜெகதீஷின் பக்கம் திரும்பினாள்.

"இவன்! இவன்தான் மாத்திப்போட்டான்! குசினிக்குள்ளை காசைக் கையிலை வாங்கினதை நான் கண்டனான். தெரியாத இந்தியாக்காரனைக் கூப்பிடாதேங்கோ எண்டு தலையாலை அடிச்சனான். பையைத் திறடா! நிதுஷன், கதவைப் பூட்டு. பொலிசுக்கு அடி."

"அம்மா, நான் எதையும் எடுக்கலைங்க! சார்… சார், நீங்க சொல்லுங்க சார்!"

ஜெகதீஷ் அருந்தவனைப் பார்த்தார். விசாவில் வந்து வேலை செய்கிற ஆள். பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் அவருடைய உதடு வெளுத்துவிட்டது.

அருந்தவன் குனிந்து ஸ்ரெல்லாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். விளிம்பில் ஒரு பொட்டளவு கறுத்திருந்தது. அவருக்கு அது மட்டும்தான் தெரிந்தது. அல்லது அது மட்டும்தான் தெரிவதுபோல இருந்தார்.

சிவாஜினிக்கு அதுவரை இருந்த கோபம் வேறு. அதன்பிறகு வந்தது வேறு.

"இப்பவும் வாய் திறக்கமாட்டீங்களோ?"

"சிவாஜினி, ஆக்கள் இருக்கினம்…"

"இருக்கட்டும்! எல்லாரும் கேக்கட்டும்! காசுக்கு நெருப்புப் பட்டவுடனை எப்பிடிக் கத்தினீங்கள்? உங்களுக்கு இவ்வளவு பெரிய தொண்டை இருக்கெண்டு எனக்கு முப்பது வருசமாத் தெரியாதே! மருமகள் வேலைக்குப் போனால் குசினியை ஆர் பாக்கிறதெண்டு உங்கடை அக்கா என்ரை சோதனை அனுமதி அட்டையை வாங்கி வைச்சபோது இந்தத் தொண்டை எங்கை? என்ரை அப்பாவின்ரை பேரை அழைப்பிதழிலை வெட்டினபோது எங்கை? எனக்காகத்தான் திறக்கேல்லை, விடுங்கோ. ஒரு குற்றமும் செய்யாத பிள்ளையைக் கள்ளன் எண்டு பொலிசுக்குக் குடுக்கப்போகினம். அதுக்கும் இல்லையோ?"

"நான்… நான்தான் மாத்தினனான்," என்றார் அருந்தவன்.

"கேக்கேல்லை."

"நான்தான் மாத்தினனான்! பவுணைக் குடுத்து இதை வாங்கினனான். பிறகு வாங்கி வைப்பம் எண்டு…"

"கேட்டதோ, மச்சாள்? இனி பொலிசுக்கு அடியுங்கோ. நம்பர் தரட்டோ?"

நிதுஷன் எழுந்து ஜெகதீஷிடம் போய், "சொறி அண்ணா, ரியலி சொறி," என்று அவருடைய தோளில் கை வைத்தான். பிறகு தகப்பன் பக்கம் திரும்பினான்.

"லக்சிகாவுக்கு நான் என்ன சொல்ல, அப்பா? யூ ரெல் மீ. என்ரை தாலியை நீங்கள் ஒரு கொலெக்ஷனுக்கு வித்திட்டீங்கள் எண்டோ?"

"நேரம் இன்னும் இருக்கு," என்று அருந்தவன் தடுமாறியபடி மோதிரத்தைக் கழற்றினார். "இதை உருக்குவம். இது நல்ல பவுண்."

"அது நல்ல பவுண்தான்," என்றாள் சிவாஜினி. "என்ரை அப்பா உங்களுக்குப் போட்டது. சிமிழிலை இருந்ததும் என்ரை. விரலிலை இருக்கிறதும் என்ரை. ஒருக்கால் எடுத்தது காணாதோ?"

"அப்ப என்னதான் செய்யிறது?" பெண்ணின் தாய்மாமன் பொறுமை இழந்துவிட்டார். "நல்ல நேரம் முடியப்போகுது. பொன்னுருக்காமல் நான் மெல்பேர்னுக்குப் போகேலாது. உருக்கப் போறியளோ, கலியாணத்தைத் தள்ளப் போறியளோ? இப்பவே சொல்லுங்கோ."

"உருக்கத்தான் போறம், அண்ணை. இருங்கோ."

சிவாஜினி கழுத்தில் கை வைத்துத் தாலிக்கொடியைச் சீலைக்கு வெளியே இழுத்துப் போட்டாள். பெரிய கொடி. நடுவில் தாலி. அதன் இரு பக்கமும் ஒவ்வொரு பவுண் காசு, வளையம் வைத்துக் கோத்தது.

"தம்பி, தாலியிலை முட்டாதேங்கோ. இந்தப் பக்கத்துக் காசின்ரை வளையத்தை மட்டும் வெட்டுங்கோ."

"கழுத்துல இருக்கும்போதேவா? பாவம்க்கா, வேண்டாங்க."

"கழுத்திலை இருக்கேக்கைதான். கழட்டினால்தான் பாவம்." அவள் சிவமணியைப் பார்த்தாள். "இது உங்கடை வீட்டுப் பவுண், மச்சாள். யாழ்ப்பாணத்திலை முன்னுக்கு நிண்டு செய்விச்சது நான்தான், நான்தான் எண்டு கேக்காத ஆக்களுக்கும் சொல்லியிருக்கிறீங்கள். உங்கடை தம்பி எடுத்தது என்ரை வீட்டுப் பவுண். அதுக்கு உங்கடை வீட்டுப் பவுண் போகட்டும். எனக்கு வேறை நியாயம் தெரியாது."

தாய்மாமன் தலையாட்டினார். மாமியாரின் கொடியில் இருந்து மருமகளின் தாலிக்குப் போவதில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ஜெகதீஷ் சின்னக் கத்தரிக் குறட்டை எடுத்தார். கண்ணை மூடி ஒருதரம் கும்பிட்டார். குறட்டின் வாயை வளையத்தில் வைத்தார்.

"வேண்டாம்!"

சிவமணி வந்து குறட்டை இரண்டு கையாலும் பிடித்தாள். அவள் வந்த வேகத்தில் கதிரை ஒன்று சரிந்து விழுந்தது.

"என்ன மச்சாள், சகுனம் பாக்கிறீங்களோ?"

"சகுனமில்லை… வெட்டினாலும் வெட்டுங்கோ. உருக்கவேண்டாம். நெருப்பிலை போடவேண்டாம் எண்டுறன்." அவள் தன் கையில் இருந்த காப்புகளை உரிக்கத் தொடங்கினாள். தோல் சிராய்த்தது. அவள் கவனிக்கவில்லை. "இந்தா, என்ரை காப்பு. ரெண்டையும் எடுங்கோ. உருக்குங்கோ. அந்தக் காசை மட்டும் விடு, சிவாஜினி. கெஞ்சிக் கேக்கிறன்."

கோயில் அன்னதானத்துக்கே கணக்குப் பார்த்துக் கொடுக்கிற சிவமணி, இரண்டு காப்பையும் தட்டில் போட்டாள்.

அப்போதுதான் அருந்தவன் தலையை நிமிர்த்தினார். தமக்கையைப் பார்த்தார். தட்டில் கிடந்த காப்புகளைப் பார்த்தார். பிறகு அவருடைய பார்வை மெல்ல மனைவியின் கழுத்துக்குப் போய், அங்கே தொங்கிய காசில் நின்றது. அதன் நிறத்தில், வளையம் உரசிய விளிம்பில் தெரிந்த செம்புச் சிவப்பில் நின்றது. அமெரிக்காவில் அடித்த காசெல்லாம் கண்ணாடி வைத்துப் பார்த்த மனிதர். அவருடைய கை தானாகவே சட்டைப் பைக்குப் போனது.

"சிவாஜினி, ஒருக்கால் அதைக் காட்டும்," என்றார்.

சிவாஜினி காசை உள்ளங்கைக்குள் பொத்தினாள்.

"வேண்டாம். இதைப் பாக்க உங்களுக்கு முப்பது வருசம் இருந்தது."

பிறகு மச்சாளின் கையைக் குறட்டில் இருந்து ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டாள். எடுத்துவிட்டு, தன் கையை விரித்தாள்.

"வெட்டுங்கோ தம்பி. வெட்டி நெருப்பிலை போடுங்கோ."